கஞ்சி வடிந்த குழாய்த்துண்டு

ஐம்பது வருஷம் நிற்கும் என்று யாராவது ஒரு பொருளைப் பற்றிச் சொன்னால் எனக்கு இன்றும் குமட்டிக்கொண்டு வரும். கூரைத் தகடு விற்பவன் சொன்னாலும் சரி, பல் கட்டும் டொக்டர் சொன்னாலும் சரி. கண்டியில் கழிவுநீர்க் குழாய்களோடு மாரடித்தே என் உத்தியோகம் முடிந்தது. மேன்ஹோலுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, மேலே வந்து கையைக் கழுவிச் சோறு தின்றவன் நான். அந்த வேலையில் ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லை. எடுத்தது ஒரே ஒரு தரம். அது கந்தோரில், மின்விசிறிக்குக் கீழே, வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு முன்னால்.

யாழ்ப்பாணத்தில் என் வீட்டார், மகன் தண்ணீர்க் கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறான் என்று ஊருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். பொய் இல்லை. எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கந்தோர் ஒரு மேட்டில் இருந்தது. கீழே கடைத்தெரு. அதற்கும் கீழே, ஏரியிலிருந்து ஊருக்குள் ஓடும் கால்வாய். வெள்ளைக்காரன் காலத்தில் பதித்த சுட்டமண் குழாய் ஒன்று கந்தோர்ப் பக்கமிருந்து கடைகளின் முதுகோடு இறங்கி, கால்வாய்க் கரையில் ஒரு தொட்டிக்குப் போய்ச் சேரும். போகிற வழியில் பாதித் தூரத்தில் ஒரு சைவக்கடை. அதாவது கந்தோரில் நாங்கள் கக்கூஸ் சங்கிலியை இழுத்தால், அது அந்தக் கடையின் பின்முற்றத்துக்குக் கீழாகத்தான் போகவேண்டும். மத்தியானம் அதே கடையில், சுவரோரத்து மேசையில் உட்கார்ந்து நான் சாப்பிடுவேன். இதையெல்லாம் யோசித்தால் ஒரு வாய் இறங்காது. ஆகையால் நான் யோசிப்பதில்லை.

கடைக்காரர் மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பெற்றவர்கள் கொழுந்து எடுத்தவர்கள். அவர் மட்டும் மலையை விட்டு இறங்கி, பிலிமத்தலாவையில் ஒரு கடையில் மேசை துடைத்து, கண்டிக்கு வந்து சொந்தமாகக் கடை போட்டார். எல்லாரும் அவரை முதலாளி என்போம். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அந்தக் கடையை எரித்தார்கள். அவர் பெண்டாட்டியோடு மடுல்கெல்லைக்குப் போய் ஒளிந்திருந்து, தெரு அடங்கினதும் திரும்பி வந்தார். கரி பிடித்த சுவரைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, அதே இடத்தில் அடுப்பை மூட்டினார். நான் கண்டிக்கு மாற்றலாகி வந்தது அதற்குப் பிறகு. சுவரின் மேல்மூலையில், கை எட்டாத இடத்தில், ஒரு கரிப்படலம் அப்போதும் இருந்தது.

அவர் கடைச் சோறு கந்தோரில் பிரசித்தம். பெரிய அலுமினிய அண்டாவில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் அரிசியைப் போட்டு, வெந்ததும் இரண்டு பேர் பிடித்துச் சாய்த்து வடிப்பார்கள். கொதி கஞ்சி ஆவி பறக்கப் பின்முற்றத்துக் கானில் ஓடி, கீழே போகும் மண்குழாயில் விழும். கேட்டவர்களுக்கு உப்புப் போட்டு ஒரு கோப்பை கஞ்சி சும்மா கிடைக்கும். சோற்றை வடிக்காமல் குக்கரில் வைத்தால் அது சோறில்லை, களி என்பது அவர் கொள்கை. எனக்கும் அதுவே கொள்கை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அந்த மண்குழாய் தன் வயதைக் காட்டத் தொடங்கியது. மூட்டுக்கள் விலகி, மரவேர் உள்ளே புகுந்து, தெருவின் நடுவே அழுக்கு கசிந்தது. தோண்டி எடுத்துப் புதுக்குழாய் போடுவதுதான் முறை. ஆனால் தோண்டுவதற்குப் பாதுகாப்புப் படையினர் அனுமதி தரவில்லை. தெருமுனையில் மண்மூட்டை அடுக்கிய காவலரண். தோண்டின குழிக்குள் யார் எதை வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஊர் அப்படி இருந்தது.

அப்போதுதான் வெளிநாட்டு உதவியோடு லைனர் வந்தது. கூடவே ஒரு வெள்ளைக்கார நிபுணரும் வந்தார். நெடிய மனிதர், சிவந்த கழுத்து, சதா சிரித்த முகம். கம்பளி போன்ற துணியில் தைத்த நீளமான குழல், அதில் பிசின் ஊறவைத்திருக்கும். அதைப் பழைய குழாய்க்குள் மேன்ஹோல் வழியாகச் செலுத்தி, உள்ளே வெந்நீரை நிரப்பிச் சுற்றவிட்டால், பிசின் இறுகிப் பழைய குழாய்க்குள்ளேயே ஒரு புதுக்குழாய் ஆகிவிடும். தோண்டவே வேண்டாம். எங்கள் வேலையாட்கள் அதற்கு உடனே பெயர் வைத்துவிட்டார்கள், குழாய்க்குச் சட்டை போடுவது என்று.

விளக்கக் கூட்டத்தில் நிபுணர் சொன்னார், இது ஐம்பது வருஷம் நிற்கும் என்று. எங்கள் பிரதம பொறியியலாளர் கையைத் தட்டினார். எல்லாரும் தட்டினோம். அடுத்த செவ்வாய்க்கிழமை கடை திறந்திருக்குமா, பஸ் ஓடுமா என்று தெரியாத நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஐம்பது வருஷத்துக்குக் கை தட்டினோம். எனக்கு அந்தத் தொழில்நுட்பத்தில் குறை இல்லை. அருமையான தொழில்நுட்பம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வெந்நீர் குறையாத சூட்டில், குறித்த நேரம் முழுக்கச் சுற்றவேண்டும். நேரத்தைத் திருடினால் பிசின் வெளியே இறுகினது போலத் தெரியும், உள்ளே வேகாது. சோறு வடிக்கிறவன் எவனுக்கும் புரிகிற விஷயம் இது.

சட்டை போட்ட நாள் நன்றாகத்தான் விடிந்தது. பொயிலர் பூட்டிய லொறியை மேல் மேன்ஹோலின் பக்கத்தில் நிறுத்தினார்கள். பிசினின் வாசனை தெரு முழுக்க நிறைந்தது. புதுப் பெயிண்டில் சீனி கரைத்த மாதிரி ஒரு திகட்டல். முதலாளி மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னங்க சார், கக்கூஸ் நாத்தமே தேவலாம் போலிருக்கே" என்றார்.

"இண்டைக்கு ஒரு நாள் பொறுங்கோ முதலாளி. பிறகு ஐம்பது வருஷத்துக்குக் கவலை இல்லையாம்" என்றேன்.

"அம்பது வருஷமா? அப்ப நானும் இல்ல, நீங்களும் இல்ல. யாருக்கிட்ட போய்க் கேக்கிறது?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

வெந்நீர் சுற்ற ஆரம்பித்துப் பாதி நேரம்கூட ஆகவில்லை. மலைநாட்டில் வேறொரு பக்கம் கலவரம் என்று செய்தி வந்தது. கடைகளின் கதவுகள் தடதடவென்று விழுந்தன. சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று வந்து ஊரடங்கு என்று அறிவித்துக்கொண்டு போனது. காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் வந்து லொறியை எடுக்கச் சொன்னான். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன்: இது வேகிற நேரம், இப்போது நிறுத்தினால் எல்லாம் பாழ், பொயிலர்காரனும் நானும் மட்டும் நிற்கிறோம் என்று. சிப்பாய் என் அடையாள அட்டையைக் கேட்டான். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று படித்தான். நானே பொயிலர்காரனுக்கு நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். பொயிலரை அணைத்துவிட்டு லொறி போய்விட்டது. குழாய்க்குள் நிரம்பிய வெந்நீர் அப்படியே கிடந்து ஆறிப்போனது.

இதில் இன்னொரு சங்கதி. முதலாளியின் பின்முற்றத்துக்குக் கீழே மலையூற்று ஒன்று உண்டு. கோடையிலும் வற்றாது. அந்த இடத்தில் குழாயைச் சுற்றி எப்போதும் குளிர்ந்த தண்ணீர். மற்ற இடங்களில் சூடு கொஞ்சம் நின்றிருக்கும். அந்த இடத்தில் நின்றே இருக்காது. அடுப்பை அணைத்து, பானையைக் கிணற்றுக்குள் இறக்கின மாதிரி.

ஊரடங்கு நீங்கியதும் நிபுணரும் பிரதம பொறியியலாளரும் வந்தார்கள். மேல் மேன்ஹோலில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த லைனரின் முனையைத் தட்டிப் பார்த்தார்கள். கல் மாதிரி இருந்தது. இருக்காதா? கொதிநீர்க் குழாய் பூட்டியிருந்த முனை அதுதானே. முனையை அறுத்து, ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிரமாதம் என்று பதில் வந்தது. நடுவில் வெந்திருக்காது, கமெரா விட்டுப் பார்ப்போம், இன்னொரு தரம் வெந்நீர் சுற்றுவோம் என்று நான் சொன்னேன். ஒரு சோற்றைப் பார்த்தால் போதும், பானை முழுவதையும் பிசையத் தேவையில்லை என்கிற தோரணையில் பிரதம பொறியியலாளர் என்னைப் பார்த்தார். பானைச் சோறு முழுக்க ஒரே அடுப்பில் வெந்திருந்தால் அது சரி.

ஒவ்வொரு வருஷமும் கமெரா விட்டுப் பார்ப்பதாக ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் பெரகர ஊர்வலம் வந்தால், அமைச்சர் வந்தால், வெளிநாட்டு விருந்தாளி வந்தால், தெருவிலுள்ள மேன்ஹோல் மூடிகளையெல்லாம் தார் ஊற்றி அடைத்து முத்திரை வைப்பார்கள். வந்தவர்கள் போவார்கள், முத்திரை போகாது. நான் ஒவ்வொரு வருஷமும் கேட்டேன். மூடியைத் திறக்கத் துடிக்கிற தமிழன் என்று எனக்கு ஒரு பெயர் வந்ததுதான் மிச்சம்.

நாலாவது வருஷம் மழைக்காலத்தில் அது நடந்தது. மத்தியானம், சாப்பாட்டு நேரம், கடை நிறைந்திருந்தது. நான் சுவரோரத்து மேசையில் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தேன். குசினியில், அடுப்பங்கரைப் பக்கம், ஒரு குமுறல் கேட்டது. பிறகு வாசனை வந்தது. அந்த வாசனையை என் மூக்கு தூக்கத்திலும் அறியும். தரையிலிருந்த துளையிலிருந்து கறுப்பாகக் கொப்பளித்து, மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல் மேசைகளுக்குக் கீழே பரவிக்கொண்டு வந்தது. நுரை, கடதாசி, இன்னும் சொல்லக்கூடாதவை. ஒரு பெண் காலைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். இலையில் சோறு கிடக்க எல்லாரும் எழும்பி ஓடினார்கள். முதலாளி விபூதி நெற்றியோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விளக்குமாற்றால் அதை வாசலுக்குத் தள்ளினார். தள்ளத் தள்ள வந்தது. அவர் பெண்டாட்டி சாமிப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இறக்கி வைக்க அந்தக் கடையில் ஒரு சுத்தமான இடம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு பெரிய மழை பெய்தால் வரும். கந்தோர் விடுமுறை நாளில் குறையும், திங்கட்கிழமை கூடும். எனக்குக் காரணம் வெட்டவெளிச்சம். வேகாத லைனர் ஊற்றுத்தண்ணீரின் அமுக்கத்தில் உள்ளே வீங்கிக் குழாயை அடைத்துவிட்டது. அடைப்புக்கு மேலே வருவதெல்லாம் முதல் திறந்த வாய் எதுவோ அதன் வழியாக வெளியேறும். முதல் திறந்த வாய் முதலாளியின் கடை.

கந்தோரில் கூட்டம் வைத்தார்கள். நிபுணர் மறுபடி பறந்து வந்தார். அவரிடம் காரணம் தயாராக இருந்தது. இந்த லைனர் வீட்டுக் கழிவுநீருக்காகச் செய்தது. சாப்பாட்டுக் கடைக்காரர் தினமும் அண்டாக் கணக்கில் கொதி கஞ்சியை ஊற்றுகிறார். ஓயாமல் வெந்நீர் பட்டால் பிசின் இளகும். ஆகவே குற்றம் கஞ்சியில். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். பிரதம பொறியியலாளர் உடனே முடிவெடுத்தார்: மாதம் முடிவதற்குள் அந்தக் கடையில் சோறு வடிப்பதை நிறுத்தவேண்டும், இல்லையென்றால் கடைக்கு முத்திரை.

சைவக்கடையில் சோறு வடிக்காதே என்பது, சவர்க்காரத் தொழிற்சாலையில் நுரை வரக்கூடாது என்பதைப் போல. நான் ஊரடங்கு நாளைப் பற்றிச் சொன்னேன், ஊற்றைப் பற்றிச் சொன்னேன். பிரதம பொறியியலாளர் என்னைத் தனியே அழைத்து, நல்ல மனிதனுக்குப் புத்தி சொல்கிற குரலில் சொன்னார்: ஊரடங்கால் வேலை கெட்டது என்று எழுதினால், இந்த நாட்டில் வேலை செய்யமுடியாது என்று உதவி தருகிறவர்கள் நினைப்பார்கள், இரண்டாம் கட்டம் வராது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஒரு மனிதனின் சோற்றுக்குள் பீ மிதக்கிறது, இவருக்கு இரண்டாம் கட்டம்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டார்.

"கஞ்சியிலயா சார் குத்தம்?" என்றார். "ஊருல பாதிப் பேரு குடிச்சிருக்காங்க. யாரு வயிறும் இளகலையே."

"நான் அதைத்தான் சொன்னனான். கேக்கிறாங்கள் இல்லை."

"வாளியில புடிச்சுக் கொண்டுபோய் வேற எங்கயாச்சும் ஊத்தவா?"

"எங்கை ஊத்துவியள்? எந்தக் கானிலை ஊத்தினாலும் அந்தக் குழாய்க்குள்ளைதானே போகும்."

"சோறு இல்லாம கடை எதுக்கு சார்?" என்றார். மனம் கேட்காமல் கையைக் கழுவப் பின்முற்றத்துக்குப் போனேன்.

அப்போது மத்தியானச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். அண்டா சாய்ந்தது. கஞ்சி ஆவியோடு கொட்டி, குசினிப் படியிலிருந்து கான்வரைக்கும் ஒரு வாய்க்காலில் ஓடியது. நான் அந்த வாய்க்காலைப் பார்த்தேன். எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. அது சிமெந்து இல்லை, தகரம் இல்லை. மங்கிய பச்சை நிறத்தில் வளைந்த ஒரு பொருள். குனிந்து விரலால் தட்டினேன்.

"முதலாளி, இது எங்கையிருந்து வந்தது?"

"அதுவா? அன்னைக்கு நீங்க குழாய்க்குச் சட்டை போட்டீங்கள்ல, ஊரடங்கு முடிஞ்சப்பறம் வந்து மிச்சத் துண்ட அறுத்துத் தெருவுல போட்டுட்டுப் போனாங்க. நல்ல சாமானா இருந்திச்சு. எடுத்து ரெண்டா பொளந்து இங்க பதிச்சேன். ஏன் சார், எடுத்தது தப்புங்களா?"

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அதே லைனர், அதே பிசின், அதே நாள். கலக்காத கொதி கஞ்சி நாலு வருஷமாகத் தினமும் நேரே அதன் மேல் விழுந்திருக்கிறது. ஒரு வீக்கம் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை, நகத்தால் கீறினால் கீறல் விழவில்லை. கஞ்சி குற்றவாளி என்றால் முதலில் செத்திருக்கவேண்டியது இந்தத் துண்டு. இது மேல்முனையில் வெந்த துண்டு, தப்பிவிட்டது. அது வேகாத நடுப்பகுதி, வீங்கிவிட்டது. இதைவிடத் தெளிவாக எவனுக்கு என்ன காட்டமுடியும்?

மறுநாள் நிபுணரையும் பிரதம பொறியியலாளரையும் கடைக்குப் பின்னால் கூட்டிவந்தேன். கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கில் கைக்குட்டையோடு நடந்தார்கள். முதலாளி கழுவின கதிரைகள் இரண்டு கொண்டுவந்து போட்டார், அவர்கள் உட்காரவில்லை. நான் சொல்லச் சொல்லக் கடை ஆட்கள் அண்டாவைச் சாய்த்துக் காட்டினார்கள். ஆவி அடங்கியதும் நிபுணர் முழங்காலிட்டார். தட்டினார். சாவியால் கீறினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவரிடம் கண்டதில்லை. எத்தனை வருஷமாக, தினமுமா, இந்தச் சூட்டிலா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் ஆமாம் ஆமாம் என்றேன். முதலாளி கை கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். கடை தப்பியது என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

நிபுணர் அந்தத் துண்டைப் பெயர்த்து எடுக்கச் சொன்னார். எங்கள் வேலையாட்கள் கடப்பாரையால் கிளப்பி, கழுவி, சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றினார்கள்.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. கஞ்சியின் மேல் இருந்த குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. லைனர் எதிர்பார்த்ததைவிட உறுதியானது என்று, சைவக்கடையின் பின்முற்றத்துத் துண்டை அத்தாட்சியாகக் காட்டி நிபுணர் எழுதினார். இந்த நாட்டுச் சமையல் வெந்நீரையே தாங்குகிறது என்றால் ஐம்பது வருஷம் என்பதும் குறைவாம். அப்படியானால் குழாய் ஏன் அடைத்தது? லைனரும் நல்லது, கஞ்சியும் நல்லது. யாரோ குழாய்க்குள் வேண்டுமென்றே நாசவேலை செய்திருக்கவேண்டும் என்றார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நான் கொண்டுவந்த அத்தாட்சியை வைத்தே அதைச் செய்து முடித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கஞ்சியில் மறைத்தவர்களை அப்போதுதான் கண்டேன்.

பொலிஸ் வந்தது. பின்முற்றத்துக்கு யார் யார் வருவார்கள், கடையின் மேல் அறையில் வடக்கிலிருந்து வந்து யார் தங்கினார்கள், ராத்திரியில் சத்தம் கேட்டதா என்று கேட்டார்கள். முதலாளியை நிலையத்துக்குக் கூட்டிப்போய் விடியும்வரை வைத்திருந்து அனுப்பினார்கள். அடிக்கவில்லையாம். அவர் அதையே பெரிய உபகாரம் போலச் சொன்னார். என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். மேன்ஹோலைத் திறக்க ஏன் அவ்வளவு ஆசைப்பட்டாய் என்று கேட்டார்கள். ஊரடங்கையும் பொயிலரையும் ஊற்றையும் அவர்களிடமும் சொன்னேன். எழுதிக்கொண்டவர் பிசின் என்ற இடத்தில் கொட்டாவி விட்டார்.

அடுத்த மழைக்குக் கடையில் மறுபடி வந்தது. அதற்கு அடுத்த நாள் முதலாளி அண்டாக்களை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார். சுவரெல்லாம் இடுப்புயரத்துக்கு ஈரக்கறை. மேல்மூலையில் எண்பத்துமூன்றின் கரி. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் சுண்ணாம்பு தெரிந்தது.

"எங்கை போறியள்?" என்றேன்.

"மடுல்கெல்லைக்குத்தான். தோட்டத்துல தங்கச்சி இருக்கிற லயத்துல, தங்க ஒரு காம்பரா இருக்கு."

"கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோவன். நான் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நெருப்பு வெச்சப்பகூட நான் ஒரேயடியா போகல சார்" என்றார். "எரிஞ்சா எரிஞ்சு முடிஞ்சிருது. கழுவிட்டு அடுப்ப மூட்டிறலாம். இது கழுவக் கழுவ வருதே." பிறகு லொறியில் ஏறப் போனவர் திரும்பி, "அந்தத் துண்டக் கேட்டுப் பாருங்க சார், திருப்பித் தருவாங்களான்னு. அது இல்லாம இத்தனை நாளும் கஞ்சி முத்தத்துலயே தேங்கிக் கெடந்திச்சு" என்றார்.

கடை பூட்டிக் கிடந்தது. சோறும் இல்லை, கஞ்சியும் இல்லை. மழை பெய்தால் இழுகதவின் கீழிருந்து கறுப்புத் தண்ணீர் தெருவுக்கு வந்தது. யாரும் நின்று பார்க்கவில்லை. தாண்டிப் போகப் பழகிக்கொண்டார்கள்.

சில மாதங்களில் இரண்டாம் கட்டம் வந்தது. கந்தோரில் விழா. மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, மத்தியானச் சாப்பாடு. பெரிய ஹொட்டல் ஒன்றிலிருந்து வந்த சோறு, வடிக்காத சோறு. மேசையின் நடுவில், பளபளக்கும் மரப்பீடத்தில், அந்தத் துண்டு இருந்தது. ஒரு சாணளவுக்கு அறுத்து, வார்னிஷ் பூசி, கீழே பித்தளைத் தகட்டில் கொதிநீர் தாங்கியது என்றும் ஐம்பது வருஷம் என்றும் பொறித்திருந்தார்கள். நிபுணர் அதைக் கையில் எடுத்து, விரல்முட்டியால் தட்டி, மணி போன்ற சத்தத்தை எல்லாருக்கும் கேட்கவைத்தார். பிறகு இதைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று சொல்லி என்னிடம் நீட்டினார். கை தட்டினார்கள்.

வாங்கினேன். பக்கத்தில் நின்ற பிரதம பொறியியலாளர் தட்டில் சோற்றோடு குனிந்து, அந்தக் கடைக்காரன் போனதும் நல்லதுதான், சாப்பிட வருகிறவர்களுக்கு அந்த நாற்றம் எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்றார். அவர் உள்ளபடியே இரக்கப்பட்டார். அதுதான் சகிக்கவில்லை. நான் அந்தத் துண்டை மூக்கருகே கொண்டுபோனேன், பழக்கதோஷம். வார்னிஷுக்குக் கீழே இன்னும் புளித்த கஞ்சி வாசனை இருந்தது.

வாந்தியின் முதல் வாய் வெள்ளைத் துணியில் விழுந்தது. மிச்சத்தை வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய்க் கக்கூஸில் எடுத்தேன். வெள்ளைப் பீங்கான், பினாயில் மணம், மடித்து வைத்த துவாய். வயிற்றில் இருந்ததெல்லாம் வந்து, பிறகு வெறும் கசப்புத் தண்ணீர் வந்தது. வெளியே யாரோ வெயிலின் வேலை என்றார்கள்.

முகத்தைக் கழுவினேன். சங்கிலியை இழுத்தேன். தண்ணீர் சுழன்று எல்லாவற்றையும் கொண்டுபோனது, பீங்கான் பளிச்சென்று ஆனது. வெளியே மழை பிடித்திருந்தது. நான் வாந்தி எடுத்தது கடைத்தெருவின் முதுகோடு பாதித் தூரம் இறங்கி, பூட்டிக் கிடந்த சைவக்கடையில், நான் அத்தனை வருஷம் சாப்பிட்ட சுவரோரத்து மேசையின் காலடியில் மேலே வந்திருக்கும்.